நாலடிச் சாவி

இடிக்குதா டீச்சர்? இடிக்கத்தான் செய்யும், நாலடி நீளம் இருக்கு. காலைக் கொஞ்சம் உள்ள இழுத்துக்கிட்டீங்கன்னா கீழ நிறுத்தி வெச்சுக்குவேன். ம். இப்பப் பரவாயில்ல.

இதுவா? சாவி. தெர்மாகோல்ல வெட்டி, தங்கக் காகிதம் ஒட்டி, ரிப்பன் கட்டியிருக்காங்க. லாரிச் சாவி. சிரிக்காதீங்க. கண்டக்டர் அண்ணன் அப்பவே சிரிச்சாச்சு. இதுக்கு லக்கேஜ் போடணுமாம். "ஒரு முட்டை எடை கூட இருக்காதுண்ணா"ன்னேன். "எடைக்கு இல்ல அம்மணி, எடத்துக்கு"ங்கிறார். முடியாதுன்னு சண்டை போட்டேன். பாத்திருப்பீங்களே, பஸ்ஸே பாத்துச்சு.

நீங்க டீச்சர்தானே? சொல்ல வேண்டாம், அந்தக் கண்ணாடியும் மடியில வெச்சிருக்கிற பையும் போதும். நான் ஏறினப்ப பாத்தீங்களே ஒரு பார்வை, அது டீச்சர் பார்வை. மூஞ்சிக்கு நேரா சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க, எனக்கு டீச்சருங்களைப் பிடிக்காது. பன்னெண்டாவது பாதியில விட்டவ நான். கேள்வி கேட்டுட்டு பதில் சொல்றதுக்குள்ள அடுத்தவள எழுப்புவாங்க. சொல்ல விட்டாத்தானே? இல்ல, நீங்க இருங்க, நான் பேசி முடிச்சிடறேன். என் பேரு மோனிஷா. எனக்குப் பொய் வராது. என்கிட்ட இருக்கிற ஒரே நல்ல குணம் அதுதான்னு எங்கம்மாவே சொல்லும்.

ஓலப்பாளையம் பிரிவுல இறங்கணும். அந்த ஊரு வரைக்கும் நான் போனதே இல்ல. வந்தா சொல்லுங்க.

எதுக்குப் போறனா? அங்க வளர்மதின்னு ஒருத்தி இருக்கா. அவ வாசல்ல போய் நின்னு, இந்தச் சாவியத் தூக்கி அவ மேலயே வீசிட்டு அடுத்த பஸ்ல திரும்பி வரப் போறேன். அவ்வளவுதான் சோலி.

முப்பத்தஞ்சு வயசு இருக்கும் அவளுக்கு. அக்கான்னுதான் கூப்புடுவேன். நாலு மாசமா அக்கா அக்கான்னுதான் சுத்தினேன். இன்னைக்கு அவ, இவதான். கோவம் எனக்கு. உடம்பெல்லாம் எரியுது.

நாமக்கல்லுல லாரிக் கம்பெனிக்கா பஞ்சம்? அதுல ஒரு கம்பெனி. பேரு சாவியிலயே எழுதியிருக்கு, படிச்சுக்கங்க, என் வாயால சொல்ல மாட்டேன். பெண்களுக்கு இலவசமா லாரி ஓட்டப் பயிற்சி, முடிச்சா வேலைன்னு நோட்டீஸ் ஒட்டியிருந்தாங்க. எங்கப்பா லாரி பாடி கட்டுற பட்டறையில பெயிண்டர். அவர்தான் நோட்டீஸைக் கிழிச்சுக் கொண்டாந்தார். "வீட்டுல உக்காந்து எங்க உசுர வாங்கறதுக்கு அங்க போய் வாங்கு"ன்னார். போனேன். கார் லைசென்ஸ் இருந்துச்சு. தை வந்தா இருபது முடியும், அப்பத்தான் ஹெவி லைசென்ஸ் போட முடியும். அதுவரைக்கும் லாரி நிக்கிற யார்டுக்குள்ளயே ஓட்டிப் பழகு, அப்புறம் ரோட்டுக்குப் போன்னாங்க. சரின்னேன்.

எட்டுப் பேரு சேந்தோம். சேந்த அன்னைக்கே போட்டோ. மறுநாள் பேப்பர்ல, "ஸ்டீயரிங் பிடிக்கும் வளைக்கரங்கள்." நான் வளையலே போடறதில்ல டீச்சர். இந்தா பாருங்க கைய.

முதல் மாசம் ஸ்டீயரிங்கைத் தொடவே விடல. லாரி கழுவுனோம். இரும்பு ராடால டயரைத் தட்டித் தட்டிக் காத்து இருக்கா இல்லையான்னு சத்தத்துலயே கண்டுபிடிக்கச் சொன்னாங்க. சொல்லிக் குடுத்தவர் பொன்னுரங்கம் மாஸ்டர். சொல்லிக் குடுத்தார்ன்னு பேரு. வேப்பமரத்துக்குக் கீழ சேரைப் போட்டு போன்ல கிரிக்கெட் பாப்பார். நடுவுல தலையத் தூக்கி "அடியே கிளட்ச்சு, கிளட்ச்சு"ன்னு கத்துவார். வண்டி ஆஃப்ல நிக்கிறப்பக்கூடக் கத்துவார்.

அப்புறம் கக்கூஸ். இத மட்டும் சொல்லிடறேன், ஏன்னா இதுலதான் எல்லாமே வந்து நின்னுச்சு. எட்டுப் பொம்பளைங்கள வரச் சொன்னவனுங்க எங்க போவாளுங்கன்னு யோசிக்கவே இல்ல. நாலு வழிச்சாலையத் தாண்டி எதுத்தாப்பல பெட்ரோல் பங்க்குக்குப் போகணும். உயிரக் கையில புடிச்சுக்கிட்டு ஓடணும். யாரும் வாய் திறக்கல. நான்தான் மேனேஜர் தனசேகர் ரூமுக்குள்ள போய், "லாரி ஓட்டிச் சாகறதுக்கு முன்னாடி ஒண்ணுக்குப் போயே செத்துருவோம் போல சார்"ன்னேன். வளர்மதி வெளிய நின்னு முந்தானைய வாயில வெச்சு அமுக்கிக்கிட்டுச் சிரிச்சா. பத்தே நாள்ல கட்டினாங்க. லோடு ஏத்துற மேடைக்குப் பக்கத்துலயே ஒரு ரூம். ஹாலோபிளாக் சுவரு, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ரோஸ் கலர் பெயிண்ட்டு, "மகளிர்"னு எழுத்து. எழுத்து எழுதினது எங்கப்பா. நான் வாங்கின கக்கூஸ் டீச்சர் அது. மேடைய ஒட்டிக் கட்டாதீங்க, வண்டி வர்ற எடம்னு மாஸ்டர் கூடச் சொன்னார். கேட்டாத்தானே.

ஏய், இதோ, இதான் யார்டு! எடது பக்கம் பாருங்க, அந்த நீலக் கேட்டு. கொஞ்சம் குனிஞ்சுக்கறேன். சாவியக் கொஞ்சம் உங்க பக்கம் சாச்சுக்கங்க... போயிருச்சா? இன்னைக்கு லீவு சொல்லல நான். வாட்ச்மேன் பாத்தா போன் போட்டுருவான்.

எங்க விட்டேன்? ம், கக்கூஸு. அதுக்கு முன்னாடி, வண்டியத் தட்டறது. அதச் சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும்.

லாரி பின்னாடி வர்றப்ப ஓட்டுறவளுக்குப் பின்னால ஒண்ணும் தெரியாது. ரெண்டு பக்கமும் கண்ணாடி இருக்கு, அதுல பாதி பொய். அதனால ஒருத்தர் பின்னாடி நின்னு பாடியக் கையால தட்டணும். தட் தட் தட்டுன்னு விடாம தட்டினா வரலாம்னு அர்த்தம். ஒரே ஒரு அடி ஓங்கி டம்முன்னு விழுந்தா நில்லு. ஏன், எதுக்குன்னு கேக்கக் கூடாது. நில்லுன்னா நில்லு. கண்ணாடி என்ன சொன்னாலும் சரி, தட்டுதான் பெருசு. கிளீனர் வேலைன்னா பாதி அதுதான்.

ரெண்டு ரெண்டு பேரா ஜோடி போட்டு விட்டாங்க. நான் ஓட்டினா வளர்மதி தட்டணும், அவ ஓட்டினா நான் தட்டணும். அவ தட்டு இருக்கே... கோவத்துலயும் சொல்றேன், அவள மாதிரி எவளும் தட்ட முடியாது. அவ வீட்டுக்காரர் லாரி டிரைவர். கிளீனர் கெடைக்காம ஆறு வருசம் இவளே அவரு கூட நாக்பூரு, இந்தூருன்னு கிளீனராப் போயிருக்கா. ரெண்டு பொண்ணுங்கள அவங்க ஆத்தா வீட்டுல விட்டுட்டு. அப்புறம் அவருக்குச் சர்க்கரை வந்து கண்ணு மங்கிப்போச்சு. லைசென்ஸ் புதுப்பிக்க முடியல. அதான் இவ ஓட்டக் கத்துக்க வந்தா. எங்கள மாதிரி பொழுது போகாம வரல.

ஒரு சாண் இடைவெளி விட்டு நிறுத்துவா வண்டிய. அளந்து பாப்போம். ஒரு சாண்தான் இருக்கும்.

கடைசி நாள் பரீட்சை. யார்டைச் சுத்தி வந்து, ரிவர்ஸ்ல மேடைக்கு வண்டிய விடணும். மூணு நிமிசத்துக்குள்ள. யாரு நேரம் கம்மியோ அவளுக்குத்தான் இந்தச் சாவி. சாவி வாங்கினவளுக்குத்தான் முதல் வண்டி, புதுசு, இன்னும் சீட்டு பாலித்தீன் கூடக் கிழிக்கல. மத்தவளுங்க வண்டி வர வர வாங்கிக்கணும். சென்னையில இருந்து ஒரு மேடம் கேமராவோட வந்துச்சு. தனசேகர் ஷூவெல்லாம் பாலிஷ் போட்டு நின்னார். மாஸ்டர் அன்னைக்குத்தான் போன்ல கிரிக்கெட்ட நிறுத்திட்டு ஸ்டாப் வாட்ச் வெச்சார்.

வளர்மதி ரெண்டு நிமிசம் நாப்பது செகண்ட். நான்தான் தட்டினேன் அவளுக்கு. எல்லாரும் கை தட்டினாங்க.

அப்புறம் நான் ஏறினேன். நல்லாத்தான் சுத்தி வந்தேன். ரிவர்ஸ் போட்டேன். தட் தட் தட்டுன்னு வருது. வர்றேன். வர்றேன். அவ லேட்டாத் தட்டிட்டா. டமால்னு ஒரு சத்தம். மேடை இல்ல. கொஞ்சம் கோணலா வந்து கக்கூஸு. சுவரு உள்ள சாஞ்சு, கூரை மடார்னு இறங்கி, ஒரே தூசி. உள்ள யாரும் இல்ல, சாமி புண்ணியம். வளர்மதி பின்னாடி நின்னவ குதிச்சு விழுந்து முழங்கை பூரா ரத்தம்.

என்ன டீச்சர், கையக் காட்டறீங்க? இருங்க, முக்கியமான எடம் இது.

தனசேகர் ஓடி வந்தார். என்னைப் பாக்கல. நேரா அவகிட்டப் போனார். "தட்டினியா இல்லையா?"

அவ எந்திரிச்சு, ரத்தத்த முந்தானையில தொடச்சுக்கிட்டே, "லேட்டாத் தட்டிட்டனுங்க சார். என்ர தப்புதானுங்க"ன்னா.

"தட்டறதுக்கே வக்கில்ல, நீ எங்க வண்டி ஓட்டப் போற? நாளையில இருந்து வராத"ன்னுட்டார். கேமரா மேடம் முன்னாடி. சர்டிஃபிகேட் எழுதி, பேரு போட்டு, ரூம்ல அடுக்கி வெச்சிருந்துச்சு. அதுல இருந்து அவளோடத உருவித் தனியா வெச்சுட்டாங்க. ரெண்டு நிமிசம் நாப்பது செகண்டக் கோடு போட்டு அடிச்சுட்டாங்க. எனக்கு அரை மணி நேரம் கழிச்சு இன்னொருத்திய தட்ட வெச்சு மறுபடி பரீட்சை. ரெண்டு நிமிசம் அம்பத்திரண்டு. நான்தான் முதல். இந்தா சாவி.

இப்ப சொல்லுங்க, கோவம் வருமா வராதா?

யார் மேலயா? என்ன கேள்வி இது. அவ மேலதான்! நானா பொய் சொல்லச் சொன்னேன்?

...

சரி. பொய்ன்னு சொல்லிட்டேன்ல. கேட்டீங்களா, வாய்ல வந்துருச்சு. எனக்குப் பொய் வராதுன்னு சொன்னேனே, அதான் பிரச்சினை. அவ லேட்டாத் தட்டல. நேரத்துக்குத்தான் தட்டினா. ஒரு அடி, டம்முன்னு. சீட்டுக்குக் கீழ வரைக்கும் அதிருச்சு.

இஞ்சின் சத்தத்துல கேக்கலையோன்னு நீங்க நெனைக்கலாம். மாஸ்டர் கூட அப்படித்தான் எனக்கு எடுத்துக் குடுத்தார், "கேக்கலையாடி உனக்கு?"ன்னு. நான் ஒண்ணும் சொல்லல. தலைய ஆட்டினேனா, ஆட்டலையா, அதுவும் ஞாபகம் இல்ல.

லாரி வேலையில ஒரு கேடுகெட்ட பழக்கம் இருக்கு டீச்சர். ரிவர்ஸ்ல வண்டி எங்க இடிச்சாலும் பழி கிளீனர் மேலதான். டிரைவர் இறங்கவே மாட்டான். உக்காந்த எடத்துலயே "கிளீனர் தட்டலைங்க"ம்பான். கிளீனரும், "ஆமாங்க, நான் கவனிக்கல"ம்பான். ஓனர் நாலு கெட்ட வார்த்தையில திட்டுவான், ஒரு அறை விடுவான், அத்தோட முடிஞ்சுச்சு. டிரைவர் மேல தப்புன்னா வண்டிய விட்டு இறக்கிருவான். கிளீனர எங்க இறக்கறது? அவன் ஏற்கெனவே கீழதானே நிக்கிறான்.

அன்னைக்குச் சாயங்காலம் அந்த நீலக் கேட்டுக்கிட்ட புடிச்சேன் அவள. பை, சாப்பாட்டுத் தூக்கு எல்லாம் எடுத்துக்கிட்டு நின்னுக்கிட்டு இருந்தா. "ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க? நீங்கதான் தட்டினீங்களே?"ன்னேன். என்ன சொன்னாத் தெரியுமா?

"வாய் பழகிப்போச்சு கண்ணு. அவரு எங்க இடிச்சாலும் நாந்தான் அப்படிச் சொல்லுவேன். ஆறு வருசம். யோசிக்கறதுக்குள்ள வந்துருச்சு. நானும் டிரைவருக்குப் படிக்க வந்தவன்னு அந்த நேரத்துக்கு நெனப்பே இல்ல."

சொல்லிட்டு சிரிக்கிறா டீச்சர்! முழங்கையில கட்டுப் போட்டுக்கிட்டு சிரிக்கிறா. நாலு மாசம் ஸ்டீயரிங்கப் புடிச்சு, ஒரு சாண் விட்டு வண்டி நிறுத்தறவ, ஒருத்தன் அதட்டினதும் கிளீனராயிட்டா. எனக்கு வந்துச்சு பாருங்க. "போய் சார்கிட்ட உண்மையச் சொல்லுங்க"ன்னு கத்தினேன். "நான் போய்ச் சொன்னா, பிழைக்கறதுக்குப் பொய் சொல்றேம்பாங்க கண்ணு"ன்னா. அப்பறம் பஸ் வந்துச்சு, ஏறிட்டா.

அவ போய்ச் சொன்னாப் பொய்ம்பாங்களாம். அப்ப யாரு போய்ச் சொல்லணும்?

அப்படிப் பாக்காதீங்க. இதுதான் டீச்சர் பார்வை, இதுக்குத்தான் ஸ்கூலையே விட்டேன்.

சொல்லலாம்னுதான் இருந்தேன். மறுநாள் போனேன், தனசேகர் மீட்டிங்குல இருந்தார். அதுக்கு மறுநாள் விழா. பந்தலு, மைக்கு, மாலை. எங்கப்பா வெள்ளைச் சட்ட போட்டுக்கிட்டு வந்து முன்வரிசையில உக்காந்துட்டார். "இந்தச் சாவியப் பெறுபவர்"னு என் பேர மைக்குல சொல்றாங்க. எங்கப்பா எந்திரிச்சு நிக்கிறார். யாரும் எந்திரிக்கச் சொல்லல, அவரா நிக்கிறார். அந்த நேரத்துல நான் மைக்கப் புடுங்கி, சார், நான் ஒரு அடி சத்தம் கேட்டும் நிக்கலன்னு சொல்லணுமா? நீங்களாச் சொல்லியிருப்பீங்களா?

அதுக்கப்பறம் நாள் ஓடிருச்சு. மூணு வாரம். யார்டுக்குள்ள வண்டிய எடுத்து எடுத்து நிறுத்தறேன். பாலித்தீன் கிழிக்காத சீட்டு. உக்காந்தா சரசரங்குது. ஒவ்வொரு தடவ உக்காரும்போதும் சரசரங்குது டீச்சர், யாரோ பின்னாடி முணுமுணுக்கற மாதிரி. கிழிச்சிருக்கலாம். கிழிக்கல.

நேத்து அவ போன் பண்றா. திட்டறதுக்குன்னு நெனச்சேன், சந்தோசமா இருந்துச்சு. நெசமாத்தான். திட்டினா நானும் திருப்பித் திட்டலாம்ல? "மோனி, பேப்பர்ல உன் போட்டோவப் பாத்தோம். என்ர சின்னவ வெட்டிச் செவுத்துல ஒட்டி வெச்சிருக்கா. இந்தக்காவ எனக்குத் தெரியும்னு ஸ்கூலெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறா. ஒரு நாளு வண்டிய எடுத்துக்கிட்டு எங்கூருப் பக்கம் வா கண்ணு"ங்கிறா. அவ என்ன வேலைக்குப் போறாளாம்னா, முட்டைக் கம்பெனியில அட்டை அடுக்கறதுக்கு. பொண்ணு என் போட்டோவ ஒட்டி வெச்சிருக்கு, அம்மாக்காரி அட்டை அடுக்கறா.

ராத்திரி தூங்கல நான். காலையில சாவியத் தூக்கிக்கிட்டு வந்துட்டேன். இவளுக்கு என்ன திமிரு டீச்சர்? நல்லவளா இருக்கறதுக்கு ஒரு அளவு வேண்டாம்? மத்தவங்கள எப்படி நிம்மதியா இருக்க விடாம...

இருங்க டீச்சர், தோளத் தட்டாதீங்க! ஒண்ணே ஒண்ணு பாக்கி இருக்கு. இத நான் யாருகிட்டயும் சொல்லல. எங்கம்மாகிட்டக்கூட இல்ல. சொல்லிட்டா முடிஞ்சிரும்.

அந்த ஒரு அடி விழுந்துச்சுல்ல. எனக்குக் கேட்டுச்சு. கண்ணாடியிலயும் பாத்தேன், இன்னும் ரெண்டு அடி தூரம் இருக்கற மாதிரி தெரிஞ்சுச்சு. அப்ப என் மனசுல என்ன ஓடுச்சு தெரியுமா? இவ வேணும்னே முன்னாடியே தட்டறா. இவளோட ரெண்டு நாப்பத நான் முந்தக் கூடாதுன்னு, என்னைய நிறுத்தி, மறுபடி முன்னால எடுக்க வெச்சு, என் நேரத்தக் கெடுக்கறா. அப்படி நெனச்சேன். அவளப் பத்தி. நாலு மாசம் அவ தூக்குல இருந்து தின்னுட்டு. அதான் பிரேக்க மிதிக்கல. போடீன்னு வந்தேன்.

கேமராவுக்குத் தெரியாது, மாஸ்டருக்குத் தெரியாது. அவளுக்கே தெரியாது. அவ பின்னாடி நின்னா டீச்சர். நான் போடீன்னு வந்தது அவ நின்ன எடத்துக்கு. அவ மட்டும் குதிக்கலன்னா...

அவ்வளவுதான். முடிஞ்சுச்சு. இப்பச் சொல்லுங்க, என்னமோ சொல்ல வந்தீங்களே.

என்னது?

எப்ப? அந்தப் பாலம் தாண்டினப்பவேவா? ஐயோ, அதுக்குத்தான் கையக் காட்டினீங்களா? அதுக்குத்தான் தோளத் தட்டினீங்களா? வாயத் திறந்து சொல்றதுக்கென்ன? ... ஆமா. சொல்ல விடல நான்.

அண்ணா! கண்டக்டர் அண்ணா! ஓலப்பாளையம் பிரிவு போயிருச்சாம்ல, கத்தக் கூடாதா? கத்தினீங்களா? மூணு தடவையா? விசில் அடிச்சு நிறுத்திக் காத்துக்கிட்டா இருந்தீங்க? எல்லாரும் திரும்பிப் பாத்தாங்களா? எனக்குக் கேக்கவே...

கேக்கலன்னு சொல்ல மாட்டேன். விசில் கேட்டுச்சு. யாரோ எறங்கறாங்கன்னு நெனச்சேன்.

கடைசி ஸ்டாப்பே வந்திருச்சா. எல்லாரும் எறங்கறாங்க. நீங்களும் எறங்கணுமா டீச்சர்? எந்த ஸ்கூலு இங்க? ... என்னது, டீச்சர் இல்லையா? கோழிப்பண்ணையிலயா? முட்டை பொறுக்கவா? அப்ப அந்தப் பையில? சோத்து டப்பாவா! இவ்வளவு நேரம் டீச்சர் டீச்சர்ன்னு... அதையும் சொல்ல வந்தீங்க. அதையும் நான்தான் விடல. சிரிக்காதீங்கக்கா. சரி, சிரிங்க.

எறங்கிட்டீங்களா? ஜன்னலுக்கு வெளிய ஒரு நிமிசம் நில்லுங்க. அங்க பாருங்க, டிரைவர் பஸ்ஸத் திருப்பறார். நான் உள்ளயே உக்காந்திருக்கேன், ஜன்னல் வழியாவே தெரியுது. கண்டக்டர் அண்ணன் பின்னாடி போயிட்டார். பீ பீ பீன்னு விடாம ஊதறார், இவர் வந்துக்கிட்டே இருக்கார். பின்னாடி டீக்கடை பெஞ்சு, அதுல ஒரு தாத்தா. இன்னும் அஞ்சாறு அடி இருக்கும்போல. ஓட்டறவருக்கு அதுவும் தெரியாது, கண்ணாடியில பாதி பொய். வர்றார். வர்றார்...

பீ. ஒண்ணே ஒண்ணு.

நின்னுட்டார். பாத்தீங்களா? யோசிக்கவே இல்ல. திரும்பிக்கூடப் பாக்கல. நின்னுட்டார். அவருக்கும் கண்டக்டருக்கும் காலையில இருந்தே ஆகல, வரும்போது சண்டை போட்டுக்கிட்டேதான் வந்தாங்க. அப்பவும் நின்னுட்டார்.

அக்கா, நீங்க போங்க. உங்களுக்கு நேரமாச்சு. நான் எறங்கல. இந்தப் பஸ்தானே திரும்பிப் போகுது? பிரிவு வழியா, யார்டு வழியா? அப்பச் சரி.

அலோ. வளர்மதியக்கா? மோனிஷாதான். பஸ்ல இருக்கேன். சாப்பிட்டேன், சாப்பிட்டேன், அதெல்லாம் அப்புறம் கேளுங்க. பிரிவுக்கு வந்து நில்லுங்க, கால் மணி நேரத்துல பஸ் வரும். எதுக்குன்னு கேக்காதீங்க. யார்டுக்குப் போறோம். உங்க சர்டிஃபிகேட்ட வாங்கப் போறோம். ... நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். வாயே திறக்கக் கூடாது. உங்க வாயத்தான் எனக்கு நம்பிக்கை இல்ல. நான் பேசிக்கறேன். ... போகட்டும். வண்டி போனாப் போகட்டும், தைக்குள்ள வேற வழி பாத்துக்கறேன். எங்கப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன். ... இன்னொண்ணு இருக்குக்கா. அத போன்ல சொல்ல முடியாது. நேர்ல சொல்றேன். கேட்டுட்டு நீங்க என்னை அறையணும். சிரிச்சீங்கன்னா நான் பஸ்ஸ விட்டுக் குதிச்சிருவேன். சேலை மாத்தறேன்னு நிக்காதீங்க. வரலைன்னா உங்க வாசல்ல நின்னு ஊரே கேக்கறாப்பலக் கத்துவேன், உங்க சின்னவ செவுத்துல இருந்து என் போட்டோவக் கிழிக்கற வரைக்கும் கத்துவேன். வெக்கறேன்.

அண்ணா, யார்டு ஸ்டாப்புக்கு ஒண்ணு. பிரிவுல ஒருத்தங்க ஏறுவாங்க, அவங்களுக்கு ஒண்ணு. சிரிக்காதீங்க, சாவிக்கும் லக்கேஜ் போடுங்க. வரும்போது சண்டை போட்டு லக்கேஜ் போடாம வந்தேன்ல, அதையும் சேத்துப் போடுங்க.

பிரிவு வந்ததும் ஒரு விசில் அடிங்கண்ணா. ஒண்ணு போதும். எனக்குக் கேக்கும்.